'யூ கேன் கால் மீ ஆல்' பேஸ் சோலோ: திருப்பிப் போட்ட பாதியை மேடையில் வாசிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: உங்கள் பேண்டில் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'யூ கேன் கால் மீ ஆல்' பாட்டை எடுத்திருக்கிறீர்கள். பாட்டு முடியப்போகும் நேரத்தில் வரும் அந்தச் சின்ன பேஸ் கிட்டார் சோலோவில் முதல் பாதிதான் கையால் வாசித்தது, மறு பாதி அதே டேப்பைப் பின்னோக்கி ஓடவிட்டது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படியானால் மேடையில் அதை வாசிக்கவே முடியாதா, ரிவர்ஸ் பெடல் ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். கையாலேயே வாசிக்கலாம், கையால் வாசிப்பதுதான் நல்லது. ஆனால் பலரும் செய்வதுபோல நோட்டுகளைக் கடைசியிலிருந்து முதல்வரை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் அது நொண்டும். ஏன் நொண்டுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பயிற்சிதான்.

முதலில், நடந்தது என்ன. 1986-இல் வந்த 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்துக்காக பால் சைமன் 1985-இல் ஜோகன்னஸ்பர்க் போய் அங்கிருந்த கலைஞர்களோடு வாசிக்க ஆரம்பித்தார். பிறகு அவர்களில் சிலரை நியூயார்க்குக்கு வரவழைத்து 'ஹிட் ஃபேக்டரி' ஸ்டுடியோவில் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். கிட்டார் ரே ஃபிரி, டிரம்ஸ் ஐசக் ம்ட்ஷாலி, பேஸ் சோவெட்டோவைச் சேர்ந்த பகிதி குமாலோ. குமாலோ வாசித்தது ஃப்ரெட்லெஸ் பேஸ் (கழுத்தில் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகள் பதிக்காதது), அதிலும் கட்டைவிரலால் அடித்து ஸ்லாப், விரலால் கம்பியைச் சுண்டி பாப். ஃப்ரெட்லெஸ்ஸில் ஸ்லாப் வாசிப்பவர்கள் அப்போதும் குறைவு, இப்போதும் குறைவு. அவர் வாசித்தது மேலிருந்து சரசரவென்று இறங்கி வரும் ஒரே ஒரு ஓட்டம். சைமனோடு அறுபதுகளிலிருந்து வேலை செய்துவந்த இன்ஜினீயர் ராய் ஹாலி, அந்தத் துண்டைத் திருப்பி அதன் பின்னாலேயே ஒட்டினார். இறங்கிய ஓட்டம் வந்த வழியே மேலே ஏறிப் போகிறது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 4 நொடி. அந்த 4 நொடியை வாசித்துக் காட்டச் சொல்லி உலகம் முழுக்க பேஸ் வாசிப்பவர்களை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது திருப்பிப் போடுவது என்றால் என்ன என்று பார்ப்போம். 'விகடகவி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தாலும் விகடகவிதான். ஆனால் உங்கள் செல்போனில் அந்தச் சொல்லைப் பேசிப் பதிவு செய்து, ஏதாவது ஒரு செயலியில் பின்னோக்கி ஓடவிட்டுக் கேளுங்கள், விகடகவி வராது. கிட்டத்தட்ட 'இவகடகிவ்' என்றுதான் கேட்கும். காரணம், 'வி' என்பதற்குள்ளேயே முதலில் வ், பிறகு இ இருக்கிறது. எழுத்துகளின் வரிசையை மட்டும் மாற்றும்போது ஒவ்வோர் எழுத்தின் உள்ளே இருப்பது மாறுவதில்லை. ஒலியைத் திருப்பும்போது உள்ளே இருப்பதும் திரும்பிவிடுகிறது.

பேஸ் நோட்டுக்கும் இதே கதைதான். கம்பியை அடித்தவுடன் 'டக்' என்று ஒரு கூர்மையான தொடக்கம், அப்புறம் ஒலி மெல்ல மெல்ல அடங்குகிறது. திருப்பினால் ஒலி எங்கிருந்தோ ஊதிக்கொண்டு வந்து, கடைசியில் அந்த 'டக்'கோடு பட்டென்று நிற்கும். நோட்டுகளின் வரிசையை மாற்றி வாசிப்பது எழுத்தை மாற்றுவது, டேப்பைத் திருப்புவது ஒலியை மாற்றுவது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் குழப்பம்.

சரி, அந்த 'ஊதல்' நமக்கு எவ்வளவு முக்கியம்? இந்தப் பாட்டில் அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கருத்து. பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 128 பீட். ஒரு பீட்டுக்கு நான்கு நோட் என்றால் ஒரு நோட்டுக்குக் கிடைப்பது 117 மில்லிநொடிதான். அதற்குள் ஒலி ஊதி வளர்வதைக் காது தனியாகப் பிடிக்காது. ஒரு மாதிரி 'உறிஞ்சுவது' போன்ற நிறமாக மட்டும்தான் தெரியும். அதிலும் ஸ்லாப் நோட் இயல்பாகவே குட்டையானது. ஸ்டுடியோ ஹெட்ஃபோனில் தெரியும் அந்த நிறம், எதிரொலி அடிக்கும் ஒரு ஹாலில் பெரிய ஸ்பீக்கர் வழியாகப் போனால் பாதிக்கு மேல் கரைந்துவிடும். கேட்பவருக்குத் தெரிவது இரண்டு விஷயங்கள். ஒன்று, ஓட்டம் வந்த வழியே திரும்புகிறது. இன்னொன்று, திரும்பும்போது தாளம் எங்கே விழுகிறது. இரண்டாவதைத்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள்.

தாளக் கணக்கு இப்படி. ஒரு பாரை, அதாவது நான்கு பீட் கொண்ட ஒரு தாளச் சுற்றை, 16 கட்டமாகப் பிரித்துக்கொள்வோம், நான்கு தகதிமி. (பாட்டில் உள்ள ஓட்டம் எல்லாக் கட்டத்தையும் ஒரே மாதிரி நிரப்புவதில்லை, கணக்குக்காக அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.) ஒவ்வொரு நோட்டும் தன் கட்டத்தின் தொடக்கத்தில் 'டக்' என்று அடிக்கிறது. முதல் பாரின் கடைசி நோட் 16-ஆவது கட்டத்தின் தொடக்கத்தில் அடித்து, அந்தக் கட்டம் முழுக்க ஒலித்து, பார் முடியும் இடத்தில் அடங்குகிறது. இப்போது டேப்பைச் சரியாக அந்த பார் எல்லையில் மடித்துத் திருப்புங்கள். அடங்கிய ஒலி அதே எல்லையிலிருந்து மறுபடி வளர ஆரம்பிக்கும். அதன் 'டக்' எப்போது வரும்? ஒரு கட்டம் முழுக்க ஓடிய பிறகு, அதாவது இரண்டாவது பாரின் 2-ஆவது கட்டத்தின் தொடக்கத்தில். முதல் கட்டத்தின் தொடக்கத்தில் அடியே கிடையாது. அதேபோல மறுமுனையில், முதல் பாரின் முதல் நோட்டினுடைய 'டக்' இரண்டாவது பார் முழுக்க முடிந்து, அடுத்த பாரின் முதல் த மேல் போய் விழும்.

இதன் விளைவைப் பாருங்கள். முதல் பாரில் 'த' மேல் விழுந்த நோட்டுகள் திருப்பிய பிறகும் 'த' மேலேயே விழுகின்றன. 'தி' மேல் இருந்தவை 'தி' மேலேயே இருக்கின்றன. 'க'வும் 'மி'யும் மட்டும் இடம் மாறுகின்றன. அதாவது பாட்டின் நடை கெடவே இல்லை, டிரம்ஸ் எந்த இடத்தில் அழுத்துகிறதோ அங்கேயேதான் பேஸின் கனமான நோட்டுகளும் வந்து உட்காருகின்றன.

இப்போது நோட்டுகளை வெறுமனே தலைகீழாக எழுதி இரண்டாவது பாரின் முதல் கட்டத்திலிருந்து வாசித்தால் என்ன ஆகும்? எல்லாம் ஒரு கட்டம் முன்னாலேயே வந்துவிடும். 'த' மேல் விழ வேண்டிய கனமான நோட் அதற்கு முந்தைய 'மி' மேல் விழும். நோட் ஒன்றுகூடத் தப்பாக இருக்காது, ஆனாலும் ஏதோ சறுக்குகிற மாதிரி இருக்கும், டிரம்மர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். இணையத்தில் இந்த சோலோவை வாசித்துக் காட்டும் பல காணொளிகளில் இரண்டாம் பாதி மட்டும் ஏனோ ஒட்டாமல் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வாசிப்பவரின் விரல் வேகத்தில் குறையே இருக்காது.

ஆகவே கையால் வாசிக்கும்போது முதல் விதி: மடிப்பு விழும் இடத்தில், அதாவது இரண்டாவது பாரின் முதல் 'த'வில், அடிக்காதீர்கள். முந்தைய நோட் அங்கே ஒலித்துக்கொண்டோ அடங்கிக்கொண்டோ இருக்கட்டும். அடுத்த கட்டத்தில் அதே நோட்டை மறுபடி அடித்து ஏற ஆரம்பியுங்கள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் ஒரே நோட் இரண்டு முறை விழுவது காதுக்கு உடனே பிடிபடும். இரண்டாம் பாதி 'திருப்பியது' என்பதைக் கேட்பவருக்குச் சொல்லிவிடுவதே அந்த ஒரு சின்ன இடைவெளிதான். கடைசி நோட்டை அடுத்த பாரின் முதல் பீட்டில் பேண்டோடு சேர்ந்து இறக்குங்கள்.

எல்லாவற்றையும் காகிதக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், பதிவைக் கொண்டே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள். அந்த 4 நொடியை வெட்டி எடுத்து முழுவதையும் ரிவர்ஸ் செய்து கேளுங்கள். இரண்டாம் பாதி முன்னால் வந்து, சாதாரணமாக வாசித்த மாதிரி கேட்கும். அப்படித் திருப்பிய துண்டை வேகத்தைப் பாதியாக்கி, சுருதி மாறாமல் ஓடவிட்டு, அடிகள் எந்தக் கட்டத்தில் விழுகின்றன என்று தகதிமி சொல்லிக்கொண்டே குறித்துக்கொள்ளுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் பாதியில் ஒவ்வொரு நோட்டும் இடப்பக்கம் செங்குத்தாக நின்று வலப்பக்கம் சரியும், இரண்டாம் பாதியில் இடமிருந்து ஏறி வலப்பக்கம் செங்குத்தாக முடியும். செங்குத்துக் கோடுதான் அடி. கணக்கில் நான் சொன்னதும் கண்ணில் தெரிவதும் எங்காவது வேறுபட்டால் கண்ணை நம்புங்கள்.

அடுத்து விரல். இங்கேதான் வேலை அதிகம்.

ஒரு ஹாமர்-ஆன் திரும்பினால் புல்-ஆஃப் ஆகிவிடும். முன்னோக்கிப் போகும்போது கட்டைவிரலால் கீழ் நோட்டை அடித்து இடக்கை விரலைத் தட்டி மேல் நோட்டுக்குப் போயிருந்தால், திரும்பி வரும்போது மேல் நோட்டை முதலில் எடுத்து விரலை உருவிக் கீழ் நோட்டுக்கு வர வேண்டும். ஃப்ரெட்லெஸ்ஸின் சறுக்கல்களும் அப்படியே, மேலே சறுக்கியது கீழே சறுக்கும். ஸ்லாப்-பாப் வரிசையும் தலைகீழாகும். கட்டைவிரல், கட்டைவிரல், பாப் என்று ஆயிரம் முறை வாசித்துப் பழகிய கைக்கு பாப், கட்டைவிரல், கட்டைவிரல் என்பது அந்நியமாக இருக்கும். மூளைக்குப் புரிந்தது விரலுக்கு இறங்க நாளாகும். மெட்ரோனோமை 60-இல் வைத்து ஆரம்பித்து, நான்கு நான்கு புள்ளியாக ஏற்றுங்கள். அவசரப்பட்டு 128-இல் ஆரம்பித்தால் பழைய வரிசைக்கே கை ஓடிவிடும்.

இன்னொன்று: இறங்கும் ஓட்டத்துக்குப் பழகிய அதே இடக்கை நிலைகளில் ஏறும் ஓட்டம் சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இறங்கும்போது கை எங்கே இடம் மாறுகிறதோ அங்கே ஏறும்போது மாற்றினால், பல சமயம் அது பீட்டுக்கு நடுவில் அசிங்கமான இடத்தில் வந்து நிற்கும். இரண்டாம் பாதியைப் புதிய பாட்டாக நினைத்து, அதற்கென்று தனி விரல் அமைப்பு எழுதிக்கொள்ளுங்கள். இறங்கும்போது கையை நகர்த்திய நோட்டைவிட ஒரு நோட் தள்ளி நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஊதல் முக்கியமில்லை என்று சொன்னாலும் அதன் சாயலைக் கொஞ்சம் கொண்டுவர ஒரு வழி உண்டு. திருப்பிய நோட்டின் அடையாளம் அது பட்டென்று நிற்பது. அதனால் இரண்டாம் பாதியில் ஒவ்வொரு நோட்டையும் இழுத்து ஒலிக்கவிடாமல், அடுத்த நோட்டுக்கு ஒரு துளி முன்னால் இடக்கையை லேசாகத் தூக்கி வெட்டிவிடுங்கள். விரலைக் கம்பியைவிட்டு முழுதாக எடுக்க வேண்டாம், அழுத்தத்தை மட்டும் விடுங்கள். நோட் நின்றுபோவதோடு ஒரு சின்ன 'டக்' தானாகவே வரும். இடமிருக்கும் இடங்களில், நோட்டின் முடிவில் கட்டைவிரலால் ஒரு டெட் நோட்டும் (சுருதி கேட்காத வெறும் அடி) போட்டுப் பாருங்கள். ஒலி வந்து, அதன் பின்னால் அடி வருவது போன்ற மயக்கம் உண்டாகும். எல்லா நோட்டுக்கும் போட்டால் நெரிசலாகிவிடும், இரண்டு மூன்று இடம் போதும். முதல் பாதியை நன்றாக ஒலிக்கவிட்டு வாசியுங்கள், அப்போதுதான் இரண்டாம் பாதியின் வெட்டு எடுப்பாகத் தெரியும். கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கருவி) வைத்திருந்தால் இந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டலாம், அடிக்கும் அடங்கலுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து இரண்டு பாதியும் ஒரே உடம்பாக ஒட்டும்.

இதற்கு ஃப்ரெட்லெஸ்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. ஃப்ரெட் உள்ள பேஸில் ஓட்டம் இன்னும் தெளிவாகவே கேட்கும், குமாலோவின் அந்த வழுவழுப்புதான் குறையும். நீங்கள் அன்றாடம் வாசிப்பது எதுவோ அதிலேயே வாசியுங்கள். இந்த 4 நொடிக்காகப் பழக்கமில்லாத ஃப்ரெட்லெஸ்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மேடை ஏறினால் மற்ற நான்கரை நிமிடமும் சுருதிக்கே போராட வேண்டியிருக்கும்.

"அசலில் வாசிக்காததை மேடையில் வாசிப்பது ஏமாற்று இல்லையா" என்று சிலர் நினைப்பதுண்டு. குமாலோவே மேடையில் அதைக் கையால்தான் வாசிக்கிறார், சைமனோடு அவர் செய்த கச்சேரிகளின் காணொளிகள் நிறைய இருக்கின்றன. ஹாலி டேப்பில் உண்டாக்கியதை அவர் பிறகு தன் விரலுக்குக் கொண்டுவந்தார். 1991 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சைமன் நடத்திய பெரிய இலவசக் கச்சேரியில் பேஸ் வாசித்தவர் குமாலோ இல்லை, கேமரூனைச் சேர்ந்த ஆர்மண்ட் சபால்-லெக்கோ. அதையும் 1987-இல் ஹராரேயில் நடந்த 'கிரேஸ்லேண்ட்' கச்சேரிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே இடத்தை இரண்டு பேர் தங்கள் கையால் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தாலே, ஆல்பத்தை மில்லிநொடி பிசகாமல் நகலெடுக்க வேண்டும் என்ற பயம் போய்விடும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்ததும் இதுதான்: இயந்திரம் செய்த ஒன்றை மனிதர்கள் கற்றுக்கொண்டு தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள்.

சரி, பெடல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "நான் இருந்தாலும் லூப்பரில் செய்து பார்க்கிறேன்" என்று உங்களில் பாதிப் பேர் நினைப்பது தெரியும். செய்யலாம். முதல் பாதியை வாசிக்கும்போதே லூப்பரில், அதாவது வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் பெடலில், பதிவு செய்து, பார் முடிந்ததும் ரிவர்ஸில் ஓடவிடுவது. 1999-இல் வந்த லைன் 6 டிஎல்4 முதற்கொண்டு ரிவர்ஸ் உள்ள லூப்பர்கள் நிறைய வந்துவிட்டன. பேஸ் நேராக பெடலுக்குள் போவதால் டிரம்ஸ் சத்தம் கலக்காது, திருப்பிய ஒலியும் அசல் போலவே ஊதிக்கொண்டு வரும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

பிரச்சினை உங்கள் கால். பதிவை முடிக்கும் அழுத்தம் சரியாக பார் எல்லையில் விழ வேண்டும். நீங்கள் 50 மில்லிநொடி தாமதமாக அழுத்தினால், அந்த 50 மில்லிநொடி மௌனமும் பதிவாகிவிடுகிறது. திருப்பி ஓடும்போது தொடக்கமே 50 தாமதம், அதோடு அந்த மௌனம் முதலில் ஓடி முடிய இன்னொரு 50. ஆக நோட்டுகள் எல்லாம் 100 மில்லிநொடி தள்ளி வரும். ஒரு கட்டமே 117 மில்லிநொடிதான் என்று மேலே சொன்னேனே, கிட்டத்தட்ட ஒரு கட்டம் தள்ளிப்போய்விட்டது. காலின் பிழை எப்போதும் இரட்டிப்பாகித்தான் காதுக்கு வரும். பதிவைத் தொடங்கும் அழுத்தம் கொஞ்சம் முன்னால் விழுந்தால் பாதகமில்லை, அந்த மௌனம் கடைசியில்தான் வரும், அதற்குள் நிறுத்திவிடலாம். முடிக்கும் அழுத்தத்தில்தான் உயிர். அதுவும் இரண்டு கையும் வேகமான ஸ்லாப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் அதே நொடியில். போதாததற்கு சில பெடல்களில் ரிவர்ஸுக்கு இரட்டை அழுத்தம் தேவை, அது இந்த வேகத்தில் நடக்காது. பதிவு முடிந்ததும் தானாகவே ரிவர்ஸில் ஓடும்படி முன்கூட்டியே அமைக்க முடிகிற லூப்பர் என்றால் மட்டும் முயன்று பாருங்கள்.

ரிவர்ஸ் டிலே பெடலும் இதற்கு உதவாது. அது ஒலியைக் குறிப்பிட்ட நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் திருப்பித் தரும். துண்டு எங்கே ஆரம்பிக்கிறது என்பது பெரும்பாலான பெடல்களில் உங்கள் கையில் இல்லை. ஒரு பார் நீளம் 1.875 நொடி என்று அமைத்தாலும், வெட்டு உங்கள் ஓட்டத்தின் நடுவில் விழலாம்.

திருப்பிய பாதியை வீட்டிலேயே தயாரித்து எடுத்துவந்து, டிரம்மரோ கீபோர்டு வாசிப்பவரோ பேடில் தட்டி ஓடவிடுவது இன்னொரு வழி. பேண்ட் முழுக்க காதில் கிளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) கேட்டு வாசிக்கிறீர்கள் என்றால் இது நன்றாகவே வேலை செய்யும். கிளிக் இல்லாமல் வாசிக்கும் பேண்ட் என்றால் உற்சாகத்தில் பாட்டு 132-க்கு ஏறியிருக்கும். 132-இல் ஒரு பார் 1.818 நொடி. உங்கள் துண்டு 1.875 நொடி. 57 மில்லிநொடி வித்தியாசம், பாதிக் கட்டம். கடைசி நோட் பேண்டோடு சேர்ந்து இறங்க வேண்டிய இடத்தில் பின்னால் தள்ளாடிக்கொண்டு வரும்.

மேடையில் இயந்திரத்தை வைத்து பேஸ் வாசிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் 'வெதர் ரிப்போர்ட்' ஜாஸ் குழுவோடு 1979-இல் வெளியிட்ட '8:30' ஆல்பத்தில் 'ஸ்லாங்' என்ற தனி பேஸ் வாசிப்பு இருக்கிறது. எம்எக்ஸ்ஆர் டிஜிட்டல் டிலேயில் ஒரு துண்டைச் சுழலவிட்டு அதன் மேலேயே சோலோ வாசிக்கிறார். அங்கே அவர் தனியாக நிற்கிறார், தாளத்தை வைத்திருப்பதே அந்தச் சுழல்தான், அவர் அதைப் பின்தொடர்ந்தால் போதும். உங்கள் பாட்டில் தாளம் டிரம்மரிடம் இருக்கிறது, ஓடுகிற பேண்டுக்கு நடுவில் இயந்திரத்தைச் சொருக வேண்டியிருக்கிறது. தாளம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் பெடலா கையா என்று முடிவெடுக்க வேண்டும்.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. ஊதல்தான் இசையே என்ற நிலை. அதற்கும் 1986-இலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, மெட்டல் இசைக் குழு மெட்டாலிகாவின் 'டேமேஜ், இங்க்.' பாட்டின் தொடக்கம். அந்தக் குழுவின் கிளிஃப் பர்ட்டன் வாசித்த பேஸ் கார்டுகளை (பல நோட்டுகள் சேர்ந்து ஒலிப்பவை) திருப்பிப் போட்டு அடுக்கியது அது, மூலம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஒரு பக்திப் பாடல். அங்கே வேகமே இல்லை. ஒவ்வொரு கார்டும் நொடிக்கணக்கில் மெல்ல எழுந்து வருகிறது, அந்த எழுச்சி இல்லாவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. நோட்டுகளைச் சாதாரணமாக அடித்து வாசித்தால் அது வேறு ஏதோ பாட்டு.

இதை மேடையில் செய்ய வால்யூம் பெடல் போதும். பெடலை முழுதாக மூடிக்கொண்டு கார்டை அடியுங்கள், அடி யாருக்கும் கேட்காது. பிறகு ஒன்றிரண்டு நொடியில் மெல்லத் திறந்து, உச்சத்துக்கு வந்ததும் சட்டென்று மூடுங்கள். மெல்ல மூடினால் திருப்பிய ஒலி போலவே இருக்காது, சாதாரண ஊதல் ஆகிவிடும், அந்தச் சட்டென்ற வெட்டுதான் விஷயம். நீங்கள் திறக்கும் நேரத்தில் கம்பி அடங்கிக்கொண்டிருக்கும் என்பதால் ஒலி வளராமல் தட்டையாக நிற்கும். அதற்கு பெடலுக்கு முன்னால் கம்ப்ரஸர் வையுங்கள், கொஞ்சம் டிஸ்டார்ஷன் இருந்தாலும் நல்லது, கம்பியின் ஒலியை நீட்டித்துக் கொடுக்கும். ரிவெர்ப், டிலே எல்லாம் வால்யூம் பெடலுக்குப் பின்னால். வால்யூம் பெடல் இல்லாவிட்டால் பேஸில் உள்ள வால்யூம் திருகையே சுண்டுவிரலால் திருப்பலாம், திருகு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல அடுக்குகளை ஒரே ஆள் வாசிக்க முடியாது. கிட்டார் வாசிப்பவர்களுக்கும் ஆளுக்கொரு குரலைப் பிரித்துக் கொடுத்து அவர்களையும் இதேபோல ஊதச் சொல்லுங்கள். பாட்டு இன்னும் ஆரம்பிக்காத இடம் என்பதால் தாளக் கவலையும் இல்லை.

வேகம் மாற்றிய டேப் பற்றியும் சுருக்கமாக: பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓடவிட்டால் ஒலி ஓர் ஆக்டேவ் மேலே போய், வேகமும் இரட்டிப்பாகும். அப்படிப்பட்ட ஓட்டங்களுக்கு ஓர் ஆக்டேவ் மேலே சுருதி சேர்க்கும் பிக்கோலோ கம்பிகள் போட்ட இன்னொரு பேஸ் இருந்தால் அசலுக்கு நெருங்கலாம். வேகம் கைக்கு எட்டாவிட்டால் நோட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், பீட் மேல் விழுபவற்றை மட்டும் விடாதீர்கள்.

உங்கள் பாட்டுக்கே திரும்பினால், ஒத்திகையில் டிரம்மரிடம் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு விழும் முதல் 'த'வில் நீங்கள் அடிக்க மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் தவறவிட்டதாக நினைத்து அங்கே ஒரு அடி போட்டு நிரப்பிவிடுவார். அங்கே ஹை-ஹாட் மட்டும், அதுவும் சத்தம் குறைவாக வாசிக்கச் சொல்லுங்கள். சவுண்ட் இன்ஜினீயரிடம் அந்த இரண்டு பாருக்கு பேஸைக் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லுங்கள். அடித்தட்டு அதிர்வைத் தூக்கினால் குழையும், விரலின் அடி கேட்கிற நடு அலைவரிசையைத் தூக்க வேண்டும் என்று குறிப்பாகவே கேளுங்கள். உங்கள் மானிட்டரில் கிக் டிரம்மும் ஹை-ஹாட்டும் தெளிவாக இருக்கட்டும், இரண்டாம் பாதியில் நீங்கள் பிடித்துக்கொண்டு ஏறப்போவது அந்த ஹை-ஹாட்டைத்தான்.